சம்பளத்தில் டிப்ஸைச் சேர்த்துக் கணக்குக் காட்டலாமா?

கேள்வி: ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்டாரண்டில் ஒன்றரை வருடமாகச் சப்ளையராக இருக்கிறேன். சம்பளம் மாதம் 12,000 என்று பேசினார்கள். சாப்பாடு, ரூம் என்று 2,500 பிடித்துக்கொண்டு 9,500 ரொக்கமாகத் தருகிறார்கள். சேர்ந்தபோது ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள்; இன்னும் தரவில்லை. சீசனில் காலை 9 மணிக்கு நின்றால் ராத்திரி 11 ஆகும், நடுவில் மூன்று மணி நேரம் விடுவார்கள். ஜிபேயில் வரும் டிப்ஸ் முதலாளி கணக்குக்குத்தான் போகிறது. கேட்டால், "அதையும் சேர்த்துப் பார், குறைந்தபட்ச சம்பளத்துக்கு மேலேயே வருகிறது, அமெரிக்காவிலேயே அப்படித்தான்" என்கிறார் மேனேஜர். போன மாதம் ஒரு டேபிள் 1,840 ரூபாய் பில் கட்டாமல் கிளம்பிவிட்டது. அதை என் சம்பளத்தில் கழித்துவிட்டார்கள். வேலையை விடலாம் என்றால் பிளஸ் டூ மார்க் ஷீட் அவர்களிடம் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: மேனேஜர் சொன்ன அமெரிக்கக் கணக்கை முதலில் தள்ளிவிடுவோம். அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்துவிட்டு, 7.25 டாலர் என்ற குறைந்தபட்சத்துக்கு வேண்டிய மீதியை டிப்ஸில் ஈடுகட்டிக் காட்டலாம். அப்போதும் தொகை குறைந்தால் முதலாளிதான் கைப்பணம் போட்டு நிரப்ப வேண்டும். ஊழியரின் டிப்ஸில் முதலாளியோ மேனேஜரோ கை வைக்கக் கூடாது. இந்தியாவில் அப்படி ஈடுகட்டும் ஏற்பாடே சட்டத்தில் கிடையாது. குறைந்தபட்ச ஊதியம் முழுவதும் முதலாளியின் பணத்திலிருந்து வர வேண்டும். வாடிக்கையாளர் பில் ஃபோல்டரில் வைத்துவிட்டுப் போகும் ஐம்பது ரூபாய் முதலாளி கொடுத்த சம்பளம் ஆகாது.

உங்கள் கடிதத்தில் சம்பளம், டிப்ஸ் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பள விஷயத்தில் உங்கள் பக்கம் மிக வலுவானது. டிப்ஸ் விஷயத்தில் நியாயம் உங்களிடம் இருந்தாலும் ஆதாரம் திரட்ட வேண்டியிருக்கும்.

சம்பளத்திலிருந்து தொடங்குவோம். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 நடைமுறையில் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் அதற்குள் அடங்கிவிட்டன. பழைய சட்டத்தின் கீழ் தமிழக அரசு வெளியிட்ட அறிவிக்கைகள், புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவுக்குத் தொடரும். 'ஹோட்டல், உணவகம்' என்பது அந்தப் பட்டியலில் தனித் தொழிலாகவே இருக்கிறது. அறிவிக்கையில் அடிப்படைச் சம்பளம் ஒரு தொகை, பஞ்சப்படி இன்னொரு தொகை. விலைவாசிக் குறியீட்டோடு பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். அதனால் பழைய துண்டறிக்கையையோ வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தையோ நம்ப வேண்டாம். நடப்பு ஆண்டின் தொகையைத் தொழிலாளர் துறை இணையதளத்திலோ சேலத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலோ உங்கள் வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடிப்படையை மட்டும் பார்த்துவிட்டு 'சரியாகத்தான் தருகிறார்கள்' என்று நினைத்துவிடுகிறவர்கள் அதிகம். இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

கணக்குப் போடும் முறையைக் காட்ட, அந்தக் கூட்டுத்தொகை மாதம் 13,000 என்று வைத்துக்கொள்வோம் (இது உதாரணம்தான், உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்). 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 500. எட்டால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. கூடுதல் நேர வேலைக்கு இரு மடங்கு, அதாவது மணிக்கு 125. சீசனில் நீங்கள் நிற்பது, இடைவேளை போக, நாளுக்கு 11 மணி நேரம். ஆறு நாளுக்கு 66. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற அளவைத் தாண்டி 18 மணி நேரம். வாரத்துக்கு 2,250 ரூபாய். மே மாதத்தின் நான்கு வாரத்துக்கு மட்டும் 9,000. அதாவது நீங்கள் கையில் வாங்கும் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான கூடுதல் நேரப் பணம் கணக்கில் வராமலே போகிறது. ஏழாவது நாளும் நிறுத்திக்கொண்டால் அந்த வார விடுமுறை தனிக் கணக்கு. மேலே சொன்னதோடு கலக்காதீர்கள்.

மே 1-ஐயும் கவனியுங்கள். கோடைக் கூட்டம் மலையேறும் நேரத்தில் அந்த நாளை யாரும் விடுமுறையாக நினைப்பதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் சம்பளத்தோடு கூடிய சட்டப்படியான விடுமுறைகள். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை தர வேண்டும். உங்கள் கணக்கில் இந்த நாட்களைத் தனி வரியாக எழுதுங்கள்.

சாப்பாடு, ரூமுக்கு 2,500 என்று மொத்தமாகக் கழிப்பது சரியில்லை. சம்பளத்திலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. முதலாளி கொடுத்த தங்குமிடம் அதில் வருகிறது. சாப்பாடு போன்ற வசதிகளுக்குப் பிடிக்க அரசின் உத்தரவு வேண்டும். ஆகவே ரூமுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, எந்த உத்தரவின் பேரில் என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள். எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கும் இடத்துக்கு ஆளுக்கு எவ்வளவு மதிப்புப் போட்டார்கள் என்பது எழுத்தில் வந்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

பில் கட்டாமல் போன 1,840 ரூபாயைப் பார்ப்போம். ஹோட்டல் தொழிலில் இதைவிடச் சாதாரணமாக நடக்கும் பிடித்தம் இல்லை. இதைவிட எளிதாக எதிர்க்கக்கூடியதும் இல்லை. நஷ்டத்துக்காகப் பிடிக்க வேண்டுமானால், அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும், நஷ்டம் உங்கள் கவனக்குறைவாலேயே நேராக வந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். பணம் வாங்குவது கல்லாவில், வாசலில் நிற்பது செக்யூரிட்டி, நீங்கள் அந்த நேரத்தில் வேறு டேபிளுக்குத் தோசை எடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் உங்கள் கவனக்குறைவு எங்கே? கண்ணாடி டம்ளர் உடைந்ததற்குப் பிடிப்பதும் இதே விதிக்குள்தான் வரும். 'தாமதமாக வந்தாய்', 'வாடிக்கையாளரிடம் முகம் சுளித்தாய்' என்று போடும் அபராதம் வேறு வகை. எந்தத் தவறுக்கு அபராதம் என்பது முன்பே அங்கீகாரம் பெற்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 13,000 என்றால் 390 ரூபாய்தான் உச்சம். தவறு நடந்து 90 நாள் கழித்து அதை வசூலிக்க முடியாது.

நிறுத்தி வைத்த முதல் மாதச் சம்பளத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையை விட்டாலும், அவர்களே நிறுத்தினாலும், இரண்டு வேலை நாளுக்குள் முழுப் பாக்கியையும் தீர்க்க வேண்டும். 'ஆள் ஓடிவிடுவான், அதனால் பிடித்து வைக்கிறோம்' என்பது முதலாளிகளின் பழக்கம். சட்டம் அதை ஏற்காது.

டிப்ஸுக்கு வருவோம். இதற்கென்று தனிப் பிரிவு நம் தொழிலாளர் சட்டங்களில் இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் வழி காட்டியிருக்கிறது. ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஹோட்டலுக்கும் ராஜஸ்தான் ஹோட்டல் தொழிலாளர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் (1976), தொழிலாளருக்காக வாடிக்கையாளரிடம் வசூலித்த பணம் நிர்வாகத்தின் சொத்து இல்லை என்று பார்க்கப்பட்டது. 2016-இல் ஐடிசி நிறுவனத்துக்கும் வருமான வரித் துறைக்கும் நடந்த வழக்கில், வாடிக்கையாளர் கார்டில் சேர்த்துக் கட்டிய டிப்ஸை வாங்கி ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹோட்டல் அந்தப் பணத்தை நம்பிக்கைப் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது, அது ஹோட்டல் தரும் சம்பளம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. டிப்ஸ் சம்பளம் இல்லை என்பதை வரிக்காக நிறுவினார்கள். அதே வாதம் உங்கள் மேனேஜருக்கும் பதிலாகிறது.

அப்படியானால் ஜிபேயில் வந்ததை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். டேபிள் மேல் ஒட்டியிருப்பது முதலாளியின் க்யூஆர். பில் 1,260, வாடிக்கையாளர் 1,400 அனுப்புகிறார், 140 அதிகம். ராத்திரி கல்லா முடிக்கும்போது அது 'எக்ஸஸ்' என்று ஒரு வரியாக நின்று, மறுநாள் மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து 'எனக்கு இருபதாயிரம் டிப்ஸ் வர வேண்டும்' என்று மொத்தமாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தேதி, பில் எண், பில் தொகை, கட்டிய தொகை, அதிகம், உங்கள் சர்வர் எண் என்று அன்றன்றே ஒரு சின்ன நோட்டில் எழுதி வந்தால், வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் நிலை வரும். 'அதிகமாகப் போட்டது உனக்குத்தான் தம்பி' என்று வாடிக்கையாளர் சொன்னால் அதையும் பக்கத்தில் குறியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் உங்கள் சொந்த க்யூஆரைக் காட்டிப் பில் தொகையை வாங்கிவிடாதீர்கள். ஒரே ஒரு பில் அப்படி உங்கள் கணக்குக்கு வந்தாலும் முதலாளி கையாடல் என்று புகார் கொடுக்கலாம், உங்கள் நியாயமான கோரிக்கை எல்லாம் அதில் மூழ்கிவிடும். பில் முதலாளியின் க்யூஆரில் முடிந்த பிறகு, டிப்ஸை மட்டும், அதுவும் முதலாளிக்குத் தெரிவித்துவிட்டு வாங்கினால் வம்பில்லை.

முதலாளியோடு பேசித் தீர்க்கும் வாய்ப்பு இருந்தால் நான் சொல்லும் ஏற்பாடு இது. கல்லாவில் ஒரு டிப்ஸ் நோட்டு. அதிகம் வந்த தொகையைக் கேஷியரும் சர்வரும் இருவரும் சுருக்கொப்பமிட வேண்டும். வாரம் ஒரு முறை எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும். வாரத்தில் 6,300 சேர்ந்தது, சர்வர் நால்வர், டேபிள் கிளீனர் இருவர், ஜூஸ் கவுன்டரில் ஒருவர் என்று வையுங்கள். சர்வருக்கு ஒரு பங்கு, கிளீனருக்கு முக்கால், ஜூஸ் கவுன்டருக்கு அரை என்றால் மொத்தம் ஆறு பங்கு, பங்குக்கு 1,050. சர்வருக்கு 1,050, கிளீனருக்கு 787 ரூபாய் 50 காசு, ஜூஸ் கவுன்டருக்கு 525. லீவில் இருந்த நாளுக்கு ஏற்பப் பங்கைக் குறைக்கலாம். கிளீனருக்குப் பங்கு கூடாது என்று சர்வர்களே சண்டை போடுவதுண்டு. எச்சில் இலையை எடுத்து டேபிளை உடனே துடைப்பவர் இல்லாமல் அடுத்த வாடிக்கையாளர் உட்கார முடியாது. அவருக்குப் பங்கு கொடுப்பதுதான் நியாயம் என்பேன். முதலாளிக்கும் மேனேஜருக்கும் இதில் பங்கு வேண்டாம். உடைந்த பாத்திரத்துக்கு இந்தப் பணத்தில் கழிக்கவும் வேண்டாம்.

உங்கள் ரெஸ்டாரண்ட் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். அது டிப்ஸும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை. வாடிக்கையாளரைக் கேட்காமல் அதைப் பில்லில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-இல் அதைச் சரி என்று சொன்னது. வாடிக்கையாளர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், 'ஸ்டாஃபுக்கான பணம் சார்' என்று வற்புறுத்தாதீர்கள். விருப்பப்பட்டுக் கட்டியவர்களின் பணம் உங்களுக்கு வருகிறதா என்பதை டிப்ஸ் கேள்வியோடு சேர்த்துக் கேளுங்கள்.

ஆதாரம் பற்றி இன்னும் கொஞ்சம். நீங்கள் ஆர்டர் எடுத்ததும் சமையலறைக்குப் போகும் கே.ஓ.டி. (ஆர்டர் சீட்டு) துண்டில் நேரமும் சர்வர் எண்ணும் அச்சாகும். காலை முதல் துண்டையும் ராத்திரி கடைசித் துண்டையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தினம் இரண்டு படம் போதும். நீங்கள் அன்று எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நின்றீர்கள் என்பதற்கு அவர்களுடைய இயந்திரமே சாட்சி. டூட்டி போடும் வாட்ஸ்அப் குரூப்பை அழிக்காதீர்கள், வேலையை விடும்போது குரூப்பிலிருந்து நீக்குவதற்கு முன் சேமித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலாளியின் கணக்கு நோட்டையோ பில் புத்தகத்தையோ வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

சம்பளம் வாங்கும்போது வவுச்சரில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? 9,500 கொடுத்துவிட்டு, தொகை எழுதாத தாளிலோ 14,000 என்று எழுதிய தாளிலோ கையெழுத்து வாங்குவது பல இடங்களில் நடக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையாலேயே 'ரூபாய் ஒன்பதாயிரத்து ஐநூறு மட்டும் பெற்றேன்' என்று எழுதித் தேதி போடுங்கள். வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். சம்பள ரசீது தருவதும் அவர்கள் கடமை. இதுவரை வெறும் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம்: சம்பளம் குறைவு என்று நீங்கள் மனுப் போட்டால், கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். 'குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது.

இனிச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மாதவாரியாக ஒரு அட்டவணை: வர வேண்டிய சம்பளம், வந்தது, கூடுதல் நேரம், விடுமுறை நாள், பிடித்தம். டிப்ஸைத் தனித் தாளில் போடுங்கள். சம்பள மனுவோடு கலந்தால் வலுவான பகுதியும் தளரும். பிறகு முதலாளிக்கு ஒரு பக்கத்தில் கடிதம், பதினைந்து நாள் கெடு, ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு. திட்டும் வார்த்தை ஒன்றும் வேண்டாம், தொகையும் தேதியும் போதும்.

பதில் இல்லையென்றால் சேலம் தொழிலாளர் துறையில் இரண்டு வேலை. ஒன்று, ஆய்வு செய்யக் கேட்டுப் புகார். இரண்டு, பாக்கியைக் கேட்டு ஊதியக் கோரிக்கை மனு. புகார் மட்டும் கொடுத்துவிட்டுப் பணம் தானாக வரும் என்று காத்திருந்து காலத்தை விட்டுவிடுகிறார்கள். பணம் வர வேண்டுமானால் கோரிக்கை மனு கட்டாயம். புதிய சட்டத்தில் அதற்கு மூன்று ஆண்டு கெடு. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் அது ஆறு மாதம்தான், எனவே 2025 நவம்பருக்கு முந்தைய பாக்கியில் எதிர்த்தரப்பு அதைக் கிளப்பலாம்; இன்னும் தள்ளிப் போடாதீர்கள். அதிகாரி பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்து உத்தரவிடலாம். உங்களோடு வேலை செய்பவர்கள் சேர்ந்தால் எல்லோருக்கும் ஒரே மனு போதும். பதிவு பெற்ற தொழிற்சங்கமும் உங்களுக்காகப் போடலாம். வேலையில் இருந்துகொண்டே கேட்பவர்களுக்கு அது பாதுகாப்பு.

மலையிலிருந்து அடிக்கடி இறங்கி வருவது சிரமம். சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் திங்கட்கிழமை நடக்கும். ஏற்காட்டில் வார இறுதிக் கூட்டம் இறங்கிய மறுநாள் அது என்பதால் லீவு கேட்கவும் தோதான நாள். காலையிலேயே வந்து அங்கே மனுக் கொடுத்து எண் வாங்கிக்கொண்டு, அன்றே தொழிலாளர் துறைக்கும் போய்விடலாம். முதல்வரின் உதவி மையம் 1100-இலும் பதியலாம். வக்கீல் செலவுக்குப் பயந்து நின்றுவிட வேண்டாம்: அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொழிலாளி என்ற முறையில் இலவசச் சட்ட உதவிக்குக் கேளுங்கள், தொலைபேசி 15100. பெண் ஊழியர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

கடைசியாக மார்க் ஷீட். அதைப் பிணையாக வைத்துக்கொள்ள முதலாளிக்கு எந்த உரிமையும் இல்லை. முதலாளிக்கு எழுதும் அந்தக் கடிதத்திலேயே அதன் பதிவு எண், தேர்ச்சி பெற்ற ஆண்டு எழுதி, கெடு நாளுக்குள் திருப்பித் தரக் கேளுங்கள். தராவிட்டால் ஏற்காடு காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். அது வரும்வரை வேறு வேலைக்குப் போவதைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. படித்த பள்ளியில் கேட்டால் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வழியைச் சொல்வார்கள்.